நீலக் குடையைத் தவறவிட்டவர்

அந்த ஆஸ்பத்திரியில் மைக்கக்காவின் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலைத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. பதிவுக் கவுன்டருக்குப் பின்னால், மருந்து அட்டைப் பெட்டிகள் அடுக்கிய இடுக்கு வழியைத் தாண்டினால் ஒரு சின்ன அறை. அதில் ஒரு டெலிபோன் போர்டு, ஒரு மைக், முதுகு கிழிந்த சுழல் நாற்காலி, காலுக்கடியில் ஒரு மிதி. மிதியை அழுத்திக்கொண்டு அவள் பேசினால் மொத்தக் கட்டடமும் கேட்கும். வார்டு, வராந்தா, கேன்டீன், ஏன், டாக்டர்களின் கழிப்பறை வரைக்கும் ஸ்பீக்கர் உண்டு. அங்கே ஸ்பீக்கர் மாட்டச் சொன்ன புண்ணியவானை அவள் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நேர்காணலில் பெரிய டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "என் நாற்காலிக்குக் கீழ ஒரு பாம்பு இருக்குன்னு வெச்சுக்குங்க. நீங்க எனக்குச் சொல்லணும். ஆனா நான் பயப்படக் கூடாது. எப்படிச் சொல்லுவீங்க?" அவளுக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் "சார், பதறாதீங்க" என்று ஆரம்பித்துப் பதற வைத்துவிட்டார்கள். இவள் சொன்னாள்: "சார், காலைக் கொஞ்சம் மேல தூக்கி வெச்சுக்கிறீங்களா? தரையைத் துடைக்கணும்." பெரிய டாக்டர் தன்னையறியாமல் காலைத் தூக்கிவிட்டார். அப்புறம் சிரித்தார். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

வீட்டில் அவள் வேறு ஆள். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர், "இந்த வாயா அங்க போய் அப்படிக் குழையுது? எங்களுக்கும் ஒரு நாளைக்கு மைக் வெச்சுப் பேசு" என்பார். வெளியூரில் படித்த மகளோடு அவளுக்கு மிஸ்டு கால் பாஷை இருந்தது. ஒரு மணி அடித்து நின்றால் விடுதிக்கு வந்து சேர்ந்துவிட்டாள். இரண்டு மணி என்றால் நீ கூப்பிடு. விடாமல் அடித்தால் பணம் தீர்ந்துவிட்டது. ஆக, ஒன்றைச் சொல்லி வேறொன்றைப் புரியவைக்கிற வித்தை அவளுக்கு வீட்டிலும் வேலையிலும் கைவந்திருந்தது.

ஆஸ்பத்திரி வித்தை இதுதான். யாருக்காவது இதயத் துடிப்பு நின்றுவிட்டால் டாக்டர்கள் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வர வேண்டும். அதை மைக்கில் அப்படியே சொன்னால் மற்ற வார்டுகளில் இன்னும் நாலு பேருக்குத் துடிப்பு நின்றுவிடும். அதனால் காணாமல் போன பொருளை அறிவிக்கிற மாதிரி சொல்வார்கள். "நீலக் குடையைத் தவறவிட்டவர் முதல் தளம், எட்டாம் கவுன்டரில் வந்து பெற்றுக்கொள்ளவும்" என்றால், முதல் மாடி, எட்டாம் படுக்கை, ஓடு என்று அர்த்தம். மஞ்சள் கார் வழியை மறித்து நிற்கிறது என்றால் அவசரப் பிரிவில் அடிதடி, காவலாளிகள் வரவும். எல்லாம் முடிந்ததும், "நீலக் குடை கிடைத்துவிட்டது, நன்றி" என்பாள். ஓடி வந்தவர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பலாம் என்பதற்கான அடையாளம் அது. ஆள் பிழைத்தாலும் அதே வாக்கியம்தான், போய்விட்டாலும் அதே வாக்கியம்தான். எது என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டால் அடுத்த குடையை அந்தக் குரலில் அறிவிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். கேட்காமல் இருப்பதும் அவள் வேலையில் ஒரு பாதி.

இவ்வளவு கவனமான மனுஷி எப்படி மாட்டிக்கொண்டாள் என்று கேட்கிறீர்களா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, வேறென்ன!

இரண்டாம் மாடியில் குழந்தைகள் வார்டு. அங்கே எலும்பு முறிந்து வாரக்கணக்கில் படுத்திருக்கிற பிள்ளைகள் மத்தியான வேளையில் செய்கிற அட்டகாசம் தாங்காமல், வார்டின் தலைமை சிஸ்டர் ஒரு நாள் கேன்டீனில் இவளிடம் அழாத குறையாகக் கேட்டாள். "ஷிப்ட் முடிஞ்சதும் வந்து ஏதாவது கதை சொல்லுங்களேன், அக்கா. ஸ்பீக்கர்ல பேசற அக்கா யாருன்னு பாக்கணும்னு உசுரை வாங்குதுங்க." இவளுக்கு ராஜா ராணிக் கதை எதுவும் வராது. ஆனால் சங்கேதங்களைப் பற்றி வண்டி வண்டியாகத் தெரியும். வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து நூலகத்தில் தேடித் தேடிப் படித்து வைத்திருந்தாள். சரி, அதையே சொல்வோம் என்று மாடி ஏறினாள்.

முதல் நாளே கூட்டம் அள்ளியது. ஒரு பேண்டேஜ் சுருளை எடுத்து, குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடுகிற கம்பியில் இடைவெளி இல்லாமல் சுற்றினாள். அதன்மேல் நீளவாக்கில் ஒரு வாக்கியம் எழுதினாள். சுருளைப் பிரித்தால் எழுத்துகள் சிதறிக் கிடந்தன, ஒன்றும் புரியவில்லை. அதே பருமனுள்ள வேறொரு கம்பியில் சுற்றியதும் வாக்கியம் எழுந்து நின்றது. "ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னாடி கிரேக்கப் படைத் தளபதிங்க இப்படித்தான் சேதி அனுப்பினாங்கன்னு சொல்றாங்க. ஆளுக்கு ஒரு கோல். சேதி கொண்டு போறவன் பிடிபட்டாலும் அவன்கிட்ட இருக்கறது வெறும் பட்டை." பிள்ளைகள் அன்று சாயங்காலமே வார்டிலிருந்த பேண்டேஜை எல்லாம் காலி செய்துவிட்டன.

இன்னொரு நாள், அடிமையின் தலையை மழித்து, மண்டையில் சேதியைப் பச்சை குத்தி, முடி வளர்ந்த பிறகு அனுப்பிவைத்த கதை. தலையில் தையல் போட மொட்டையடிக்கப்பட்ட பொடியன் ஒருவனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். அப்புறம் சிறைக் கைதிகள் சுவரில் தட்டித் தட்டிப் பேசிய கதை. நம் மொழியில் எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணிக்கை வைத்தால் 'வணக்கம்' சொல்லி முடிப்பதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார்கள். அதனால் மெய்யெழுத்துக்கு ஒரு தட்டு வரிசை, உயிரெழுத்துக்கு ஒரு தட்டு வரிசை என்று பிரித்துக் கொடுத்தாள். இரும்புக் கட்டில்களில் இரண்டு நாள் ஒரே டிங் டிங். தலைமை சிஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டாள். "கதைதான் சொல்லச் சொன்னேன், அக்கா. கச்சேரி வெக்கச் சொல்லல."

வார்டில் எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. ஒரு காலை மேலே கட்டித் தூக்கி வைத்திருந்த பையன் கொக்கு. எதற்கெடுத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்கிற ஒன்பது வயதுப் பெண் வக்கீலம்மா. அம்மாவோடு போன ஸ்கூட்டரில் ஒரு லாரி மோதியதில் அவளுக்கு வலது காலும் இடது கையும் முறிந்திருந்தன. அதே வண்டியில் வந்த அவள் அம்மாவுக்கு லேசான அடி, வீட்டில் படுத்திருக்கிறாள் என்று தினமும் பார்க்க வந்த சித்தி சொல்லிவைத்திருந்தாள். அப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அவளுக்கு இருந்தது அம்மா ஒருத்திதான்.

விபரீதம் எந்தப் பாடத்தில் ஆரம்பித்தது தெரியுமா? சங்கேதத்தை உடைப்பது எப்படி என்ற பாடத்தில். பெரிய போர் ஒன்றில் ஒரு படை தினமும் காலையில் வானிலை அறிக்கையைச் சங்கேதத்தில் அனுப்பியது. அவர்களிடம் இருந்த பூட்டு யாராலும் திறக்க முடியாத பூட்டு. ஆனால் தினமும் அதே நேரம், அதே சொல். எதிரிகள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பூட்டைத் திறந்துவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு மைக்கக்கா பெருமையாக முடித்தாள். "அதனால என்ன சொல்ல வர்றேன்னா, சங்கேதத்தை உடைக்கணும்னா அவங்க என்ன சொல்றாங்கன்னு மண்டையை உடைச்சுக்காதீங்க. எது திரும்பத் திரும்ப வருதுன்னு பாருங்க. அது வந்ததும் யாரு ஓடறாங்கன்னு பாருங்க."

அடிப்பாவி! தலைக்கு மேலே சுவரில் ஸ்பீக்கர். எதிரில் வேறு வேலையில்லாமல் நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற பத்துப் பன்னிரண்டு மண்டைகள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அடுத்த வாரம் அவள் போனபோது வார்டு விசித்திரமாக அமைதியாக இருந்தது. கொக்குதான் ஆரம்பித்தான்.

"அக்கா, வெளிய மழை பெய்யுதா?"

"இல்லையே கண்ணு. வெயில் மண்டையைப் பொளக்குது."

"அப்புறம் எப்படிக்கா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை யாராவது குடையைத் தொலைக்கிறாங்க? அதுவும் எப்பப் பாத்தாலும் நீலக் குடை?"

மைக்கக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். "குடைன்னு சொன்னதும் நெட்டை டாக்டர் படியில ரெண்டு ரெண்டா தாவி ஓடறாரு. நாங்க கதவு வழியா பாத்தோம். தொலைஞ்ச குடைக்கு யாராச்சும் அப்படி ஓடுவாங்களா?" எல்லாரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. பாடம் நன்றாக ஏறிவிட்டதைக் காட்டிக்கொள்ளும் சந்தோஷம். வக்கீலம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மைக்கக்கா அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். காலின் மாவுக்கட்டில் பிள்ளைகள் பூவும் பூனையும் வரைந்திருந்தார்கள். நடுவே, முழங்காலுக்குக் கீழே, குட்டிக் குட்டியாக நீலக் குடைகள். ஒவ்வொரு குடைக்கும் அடியில் ஒரு மாடி எண்.

"இதெல்லாம் என்னடா?"

"நீங்க சொன்ன குடைங்க," என்றாள் வக்கீலம்மா. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா மேல மூணாம் மாடியில இருக்காங்க. எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா உனக்கு? அம்மா வீட்டுல—"

"அக்கா, நீங்களும் காதுல பூ சுத்தாதீங்க. அன்னைக்குச் சித்தி வந்தப்ப ஒரு கால்ல பிளாஸ்டிக் உறை இருந்துச்சு. கழட்ட மறந்துட்டாங்க. அது மூணாம் மாடி ஐசியூக்குள்ள போறவங்க போடறது. வீட்டுல படுத்திருக்கிற அம்மாவைப் பாத்துட்டு வர்றவங்களுக்கு அது எதுக்கு? அப்புறம் வெளிய நின்னு போன்ல சொன்னாங்க, 'ஆறாம் பெட்'டுன்னு." அவள் ஒரு விரலால் மாவுக்கட்டைச் சுரண்டினாள். "மூணாம் தளம், ஆறாம் கவுன்டர்னு நீங்க சொல்லாத வரைக்கும் அம்மா இருக்காங்க. அதான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

மைக்கக்கா மாவுக்கட்டிலிருந்த குடைகளைத் திரும்பவும் பார்த்தாள். இந்தப் பெண் எக்ஸ்ரே எடுக்கக் கீழே வர மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழிச்சாட்டியம் செய்ததை நர்சுகள் கதை கதையாகச் சொல்லியிருந்தார்கள். எக்ஸ்ரே அறையில் ஸ்பீக்கர் பழுது. காரணம் இப்போதுதான் புரிந்தது. தூங்கினால் கேட்காமல் போய்விடும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது குழந்தை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. குடை கிடைச்சுடுச்சுன்னு சொல்றீங்களே. அப்படின்னா பொழைச்சுட்டாங்கன்னு அர்த்தமா, செத்துட்டாங்கன்னு அர்த்தமா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா," என்றாள் மைக்கக்கா. அது உண்மைதான். ஆனால் அந்தப் பெண் அவளைப் பார்த்த பார்வையில், பொய் சொல்கிற பெரியவர்கள் கணக்கில் இன்னொருத்தியும் சேர்ந்துவிட்டாள் என்பது நன்றாகத் தெரிந்தது.

வார்டை விட்டு வெளியே வந்ததும் முதல் வேலையாகப் படியிறங்கி வந்த சித்தியை மடக்கி, "பொண்ணுக்கு எல்லாம் தெரியும். சொல்லிடுங்க" என்றாள். சித்தி சுவரோடு சாய்ந்து அழுதாள். "எப்படிங்க சொல்வேன்? ஆபத்துக் கட்டத்தைத் தாண்டட்டும்னு டாக்டரும் சொல்றாரு. இன்னும் ரெண்டு நாள் போகட்டுங்க." பெரிய டாக்டரிடம் போய், குடையை மாற்றி வேறு எதையாவது வைக்கச் சொல்லிக் கேட்டாள். எல்லா டாக்டர்களுக்கும் சொல்லிப் பழக்க வேண்டுமே, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். எலக்ட்ரீஷியனைப் பிடித்து, குழந்தைகள் வார்டு ஸ்பீக்கரை மட்டும் அணைக்க முடியுமா என்றாள். "அந்த மாடி முழுக்க ஒரே ஒயருக்கா. அதைத் துண்டிச்சா பிரசவ வார்டும் சேர்ந்து செத்துடும்" என்றான். போகாத இடம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. ஒன்றும் ஆகவில்லை. அன்று வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. கணவர் பயந்துபோய் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை. வெளிநோயாளிகள் கூட்டம் கவுன்டரில் மோதிக்கொண்டிருந்த நேரம். போர்டில் மூணாம் மாடியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் எடுத்தாள்.

"நீலம். மூணு. ஆறு," என்றது ஐசியூ சிஸ்டரின் குரல். போன் வைக்கப்பட்டது.

மற்ற நாளில் போனை வைத்த கையோடு மிதியை அழுத்திவிடுவாள் மைக்கக்கா. அன்று கால் நகரவில்லை. ஒவ்வொரு டாக்டரையும் தனித்தனியாக போனில் பிடிக்கலாமா? மயக்க மருந்து டாக்டர் கேன்டீனில் இருப்பார். நெட்டை டாக்டர் எங்கே என்று கடவுளுக்கே தெரியாது. ஒவ்வொருவராகத் தேடிப் பிடிப்பதற்குள் மேலே எல்லாம் முடிந்துவிடும். மைக்கில் சொன்னால் கீழ்மாடியில் ஒரு குழந்தை தன் அம்மாவின் நெஞ்சு நின்றுபோனதைத் தன் காதால் கேட்கும். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்கு அம்மாவே இருக்க மாட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அட, அழுத்தித் தொலையேண்டி என்று தன்னையே திட்டிக்கொண்டு மிதியை அழுத்தினாள்.

"நீலக் குடையைத் தவறவிட்டவர் மூன்றாம் தளம், ஆறாம் கவுன்டரில் வந்து பெற்றுக்கொள்ளவும்."

வழக்கம்போல மூன்று முறை சொன்னாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. சொல்லி முடித்ததும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேலே படிகளில் செருப்புச் சத்தம் தடதடவென்று ஓடியது. நெட்டை டாக்டர் பதிவுக் கவுன்டரைத் தாண்டி ஓடியதைக் கண்ணாடி வழியே பார்த்தாள். ஓடுங்க சாமி, ஓடுங்க என்று உதடு தானாக முணுமுணுத்தது.

குழந்தைகள் வார்டின் விளக்கு எரிந்தது. தலைமை சிஸ்டர். "அக்கா, இங்க ஒருத்தரும் வாயே திறக்க மாட்டேங்குதுங்க. அந்தப் பொண்ணு அழக்கூட இல்ல. ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கு. தொட்டா கையைத் தட்டிவிடுது. எனக்குப் பயமா இருக்கு."

"பக்கத்துல இருங்க. எனக்கு எதுவும் தெரியல. லைனை விடுங்க சிஸ்டர், மேலேர்ந்து கூப்பிடுவாங்க."

காத்திருந்தாள். மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றியது. யாரோ ரத்தப் பரிசோதனை அறை எங்கே என்று கேட்டார்கள், கையைக் காட்டினாள். இன்னும் மேலிருந்து போன் வரவில்லை. சீக்கிரம் வந்தால் நல்லதா, நேரமானால் நல்லதா? இத்தனை வருஷம் கேட்காமலேயே இருந்ததால் அந்தச் சின்னக் கணக்குக்கூட அவளுக்குத் தெரியவில்லை. தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். "அம்மா, அந்த நீலக் குடை என்னுதுங்க. மூணாம் மாடின்னு சொன்னீங்க, மேல போனா விரட்டுறாங்க. என்ன ஆஸ்பத்திரி நடத்துறீங்க?"

ஒவ்வொரு குடைக்கும் ஒருத்தராவது இப்படி வந்துவிடுவார். சும்மா கிடைக்கிற குடைக்கு இந்த உலகத்தில் ஆள் பஞ்சமே கிடையாது. மற்ற நாளாக இருந்தால், கைப்பிடி என்ன நிறம் என்று கேட்டுத் திணறடித்துச் சிரித்திருப்பாள். இன்றைக்கு அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் மனிதர் பேசாமல் நகர்ந்துவிட்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"குடை கிடைச்சுடுச்சுன்னு சொல்லிடுங்க," என்றது ஐசியூ சிஸ்டரின் குரல். களைத்திருந்தது.

"சிஸ்டர், வெக்காதீங்க!" என்று கத்தினாள் மைக்கக்கா. கவுன்டரில் நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. "எப்படிக் கிடைச்சுது?"

"என்னக்கா, புதுசாக் கேக்கறீங்க?"

"கேக்கறேன். சொல்லுங்க. இருக்காங்களா, இல்லையா?"

"துடிப்பு வந்துடுச்சு," என்றாள் சிஸ்டர். "ஆனா கண்ணைத் திறக்கல. இன்னைக்குப் பொழுது போனாத்தான் எதுவும் சொல்ல முடியும். நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க."

மிதியை அழுத்தினாள். "நீலக் குடை கிடைத்துவிட்டது. நன்றி."

அவ்வளவுதான் அவள் வேலை. காலை எடுத்துவிட வேண்டும். இரண்டாம் மாடியில் ஒரு குழந்தை அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சித்தி வந்து, அம்மா நல்லா இருக்காங்கம்மா, வீட்டுல தூங்கறாங்க என்பாள். குழந்தை நம்பாது. அம்மா செத்தே போய்விட்டாள், அதையும் மறைக்கிறார்கள் என்று அது தனியாக முடிவுகட்டிக்கொள்ளும். இதையெல்லாம் நினைத்தபடியே மைக்கக்கா காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மைக் இன்னும் உயிரோடு இருந்தது.

"குழந்தைங்க வார்டுல இருக்கிற வக்கீலம்மாவுக்கு," என்றாள். இது அறிவிப்புக் குரல் இல்லை. அவள் வீட்டில் பேசுகிற குரல், கரகரத்து, நடுவில் உடைந்து வந்தது. "உங்க அம்மாவுக்கு நெஞ்சுத் துடிப்பு நின்னுபோச்சு. இப்ப மறுபடி துடிக்குது. கண்ணு இன்னும் திறக்கல. ஆபத்து இன்னும் தாண்டல. டாக்டருங்க பக்கத்துலயே இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

காலை எடுத்தாள்.

கவுன்டரில் டோக்கன் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இடுக்கு வழியில் மருந்துப் பெட்டியோடு வந்த ஆள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். மொத்தக் கட்டடமும் கேட்டிருக்கும். இனி இந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பார்களோ, அது அவர்கள் பாடு. போர்டில் இரண்டு விளக்குகள் ஒன்றாக எரிந்தன. ஒன்று பெரிய டாக்டரின் அறை. மற்றது குழந்தைகள் வார்டு. அவள் வார்டை எடுத்தாள்.

"அக்கா." வக்கீலம்மாவின் குரல். போனை யாரோ அவள் காதில் வைத்துப் பிடித்திருக்க வேண்டும்.

"சொல்லும்மா."

"இப்ப சொன்னீங்களே. அது நேர்ப் பேச்சா, சங்கேதமா?"

"நேர்ப் பேச்சுடா கண்ணு. ஒவ்வொரு வார்த்தையும் நேர்ப் பேச்சு."

"அப்ப சித்தி சொன்னது? அம்மா வீட்டுல இருக்காங்கன்னு?"

"அது சங்கேதம்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"உன்கிட்ட சொல்ல எங்க எல்லாருக்கும் பயமா இருக்குன்னு அர்த்தம்."

மறுமுனையில் அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். வக்கீலம்மா மாதிரி இல்லை, ஒன்பது வயதுக் குழந்தை மாதிரி, அம்மா அம்மா என்று வாய்விட்டு அழுதாள். பெரிய டாக்டரின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மைக்கக்கா அதை எடுக்கவில்லை, ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு குழந்தை அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.